மெதுவா ஓடச் சொல்லும் வாட்ச்... போலீஸ் தேர்வுக்கு ஓடுறவங்க கவனிங்க!

ஏழாயிரம்பண்ணை பக்கம் போலீஸ் வேலைக்குத் தயாராகிறீங்களா? அப்போ இந்தக் கணக்கு மனப்பாடமா இருக்கும்: 1,500 மீட்டர், 7 நிமிடம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கான ஓட்டம் இது. எழுத்துத் தேர்வில் பாஸாகியிருந்தாலும், இதில் கோட்டைவிட்டால் மறுபடியும் பட்டாசு ஆலைதான்.

அந்தப் பயத்திலேயே பலரும் தினமும் உயிரைக் கொடுத்து ஓடுறாங்க. சிக்கலே அங்கதான். தினமும் முழு வேகத்தில் ஓடினால் உடம்புக்குத் தேற நேரம் கிடைக்காது. வாரத்தில் பெரும்பாலான நாள்கள் மெதுவாகவும், ஒன்றிரண்டு நாள் மட்டும் வேகமாகவும் ஓடணும். மெதுவான ஓட்டத்திலும் இதயம் ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகும்.

எது மெதுவு? அதைத்தான் இதயத் துடிப்பு காட்டும் வாட்ச் சொல்லும். 220-ல் இருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு. 22 வயசுன்னா 198. அதில் 60 முதல் 70 சதவிகிதம், அதாவது சுமார் 120 - 140 துடிப்புக்குள் ஓடணும். ஆனா இந்த ஃபார்முலா சராசரிதான். ஆளுக்கு ஆள் 10 துடிப்பு கூடலாம், குறையலாம். ஓடிக்கிட்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா, வேகம் சரி.

வாட்சும் ஏமாத்தும். பச்சை வெளிச்சத்தை வெச்சு ரத்த ஓட்டத்தைக் கணிப்பதால், கை ஆடும்போது காலடி எண்ணிக்கையையே துடிப்புன்னு காட்டிடும். ஜாலியா ஓடும்போது திடீர்னு 170 காட்டினால் சந்தேகப்படுங்க. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, இறுக்கமா கட்டுங்க. மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்சார சிக்னலையே பிடிப்பதால் துல்லியம் அதிகம். குட்டிக் குட்டி வேக ஓட்டங்களுக்கு இரண்டுமே பெருசா உதவாது. துடிப்பு ஏறி முடிக்கிறதுக்குள்ள ஓட்டமே முடிஞ்சிடும். அங்கே ஸ்டாப்வாட்ச்தான் சரி.

அடுத்து, நம்ம கரிசக்காட்டு வெயில். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகும், வியர்வையில் நீரும் குறையும். அதே வேகத்துக்கு இதயம் கூடுதலா துடிக்கும். சித்திரையில் எண் ஏறினால் ஃபிட்னஸ் போச்சுன்னு பதறாம, வேகத்தைக் குறைங்க. நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

வாட்ச் வாங்கக் காசு இல்லையா? காலையில் படுக்கையை விட்டு எழும் முன் மணிக்கட்டில் இரண்டு விரல் வெச்சு 15 நொடி எண்ணி, நாலால் பெருக்குங்க. தினமும் ஒரு நோட்டில் குறிச்சு வைங்க. வழக்கமா 60 இருப்பவருக்கு ஒருநாள் 70 வந்தால், முந்தின நாள் ஆலை வேலையோ தூக்கமின்மையோ உடம்பில் இன்னும் தங்கியிருக்கலாம். அன்னைக்கு ஷூவைத் தொடாதீங்க ப்ரோ!