மென்பொருள் வரையறுத்த வலையமைப்பை நடைமுறைப்படுத்தல்

மென்பொருள் வரையறுத்த வலையமைப்பு என்பது, கணினி வலையமைப்பில் பொதிகளை எவ்வழியே அனுப்புவது என முடிவெடுக்கும் பணியை, அவற்றை அனுப்பும் கருவிகளிலிருந்து பிரித்து, கட்டுப்படுத்தி எனப்படும் மென்பொருளிடம் ஒப்படைக்கும் முறை ஆகும். இது சுருக்கமாக எஸ்டிஎன் எனப்படுகிறது. இம்முறையில் வலையமைப்பு முழுவதையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்க இயலும். அதே வேளையில், ஓரிடத்தில் நேரும் பிழை முழு வலையமைப்பையும் பாதிக்கவும் கூடும். ஆகவே பழைய முறைக்குத் திரும்பும் வழியை அடைத்துவிடாமல் இதனைப் படிப்படியாக நடைமுறைப்படுத்துவது நன்று.

செயற்படும் விதம்

மரபான வலையமைப்பில் ஒவ்வொரு திசைவியும் அண்டைத் திசைவிகளுடன் தகவல் பரிமாறி, வழியைத் தானே கணிக்கிறது. எஸ்டிஎன் முறையில் அக்கணிப்பைக் கட்டுப்படுத்தி செய்கிறது. சுவிட்சில் பாய்வு அட்டவணை மட்டும் இருக்கும். அதன் ஒவ்வொரு விதியும் ஒரு நிபந்தனையையும் ஒரு செயலையும் கொண்டது. எடுத்துக்காட்டாக, 'இம்முகவரிக்குச் செல்லும் பொதியை 3ஆம் துறை வழியே அனுப்புக' என்பது ஒரு விதி. இவ்விதிகளைச் சுவிட்சில் எழுதப் பயன்படும் நெறிமுறைகளுள் ஓப்பன்ஃப்ளோ குறிப்பிடத்தக்கது.

வரலாறு

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கசாடோ முதலியோர் உருவாக்கிய ஈத்தேன் என்னும் அமைப்பு 2007இல் வெளியிடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2008இல் நிக் மெக்கியோனும் பிறரும் ஓப்பன்ஃப்ளோவை முன்மொழிந்தனர். அதன் 1.0 பதிப்பு 2009 திசம்பரில் வெளிவந்தது. திறந்த மூலக் கட்டுப்படுத்திகளான ஓப்பன்டேலைட் 2013இலும் ஓனோஸ் 2014இலும் தொடங்கப்பட்டன.

கூகுளின் பி4 வலையமைப்பு

தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 வலையமைப்பைக் கூகுள் நிறுவனம் ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. முதற்கட்டத்தில் புதிய சுவிட்சுகள் பிற கருவிகளுக்கு வழக்கமான திசைவிகளாகவே தோன்றும்படி அமைக்கப்பட்டன. பின்னர் சிறிது சிறிதாகப் போக்குவரத்து அவற்றுக்கு மாற்றப்பட்டது. இறுதியிலேயே மையப் போக்குவரத்துத் திட்டமிடல் சேர்க்கப்பட்டது. இதனால் சில இணைப்புகளை ஏறக்குறைய முழுக் கொள்ளளவிற்குப் பயன்படுத்த முடிந்தது.

2013இல் வெளியான பி4 ஆய்வுக் கட்டுரை ஒரு செயலிழப்பையும் விவரிக்கிறது. இரு சுவிட்சுகளுக்குத் தவறுதலாக ஒரே அடையாள எண் கைமுறையாக இடப்பட்டது. அவை மாறி மாறி முரணான தகவல்களை அனுப்பின. கட்டுப்படுத்திக்கும் சுவிட்சுகளுக்கும் இடையே தேங்கிய செய்திகள் 400 மெகாபைட்டைக் கடந்தன. வழக்கமான நலச்செய்திகள் காலந்தாழ்ந்ததால், இணைப்புகள் அறுந்துவிட்டதாகக் கருதப்பட்டன. எனினும் மையத் திட்டமிடல் முன்னரே அமைத்திருந்த வழிகளில் அத்தளத்தைக் கடந்து சென்ற போக்குவரத்து தொடர்ந்தது; புதிய வழிகளை மட்டும் அமைக்க இயலவில்லை. அடையாள எண்களைத் தானியக்கமாக வழங்குவதன் தேவையையும், கட்டுப்பாட்டுச் செய்திகளுள் முதன்மையானவற்றுக்கு முன்னுரிமை அளிப்பதன் தேவையையும் இந்நிகழ்வு காட்டுகிறது.

நடைமுறைப்படுத்தும் படிகள்

தேவையை வரையறுத்தல்: எச்சிக்கலைத் தீர்க்க இம்முறை வேண்டப்படுகிறது என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பல சுவிட்சுகளில் அடிக்கடி ஒரே மாற்றத்தைச் செய்ய நேரும் இடங்களில் பயன் மிகுதி.

முன்சோதனை: மினிநெட் என்னும் மென்பொருளால் ஒரே கணினியில் பல மெய்நிகர் சுவிட்சுகளை உருவாக்கி விதிகளைச் சோதிக்கலாம். ஆனால் உண்மைக் கருவிகளின் வேகத்தையும் அட்டவணைக் கொள்ளளவையும் இதனால் அறிய இயலாது.

சுவிட்சைத் தேர்ந்தெடுத்தல்: ஓப்பன்ஃப்ளோ ஆதரவு உண்டு என்னும் குறிப்பு மட்டும் போதாது. 1.0 பதிப்பு ஒரே பாய்வு அட்டவணையைக் கொண்டது, 1.3 பதிப்பு பல அட்டவணைகளை அனுமதிக்கிறது. வன்பொருளில் எத்தனை விதிகள் அடங்கும் என்பதையும், எவ்வகை விதிகள் வேகம் குறைந்த மென்பொருளால் கையாளப்படும் என்பதையும் அறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

கட்டுப்படுத்திகளின் எண்ணிக்கை: பெரும்பான்மை ஒப்புதலால் இயங்கும் தொகுதியில் 3 கட்டுப்படுத்திகள் இருப்பின் ஒன்று பழுதானாலும், 5 இருப்பின் இரண்டு பழுதானாலும் பணி தொடரும். 4 இருந்தாலும் ஒன்றன் இழப்பை மட்டுமே தாங்க முடியும் என்பதால் ஒற்றைப்படை எண்ணே ஏற்றது.

விதிகளை முன்கூட்டி இடுதல்: புதிய பாய்வு ஒவ்வொன்றின் முதற்பொதியும் கட்டுப்படுத்தியிடம் வந்து செல்லுமாயின் தாமதமும் சுமையும் கூடும். அறிந்த வழிகளுக்கான விதிகளை முன்னரே எழுதிவைப்பதால் இது குறையும்.

தொடர்பு அறும் நிலை: கட்டுப்படுத்தியுடன் தொடர்பு அறுந்தால், சுவிட்ச் ஏற்கனவே உள்ள விதிகளின்படி அவை காலாவதியாகும் வரை இயங்கலாம், அல்லது, அவ்வசதி இருப்பின், வழக்கமான சுவிட்சாக மாறலாம். இரண்டில் எது வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு: கட்டுப்படுத்தியைக் கைப்பற்றுபவர் வலையமைப்பையே கைப்பற்றியவர் ஆவார். ஆகவே கட்டுப்பாட்டுப் போக்குவரத்தைத் தனி வலையமைப்பில் வைத்து, டிஎல்எஸ் மறையாக்கமும் இருபுறச் சான்றிதழ்களும் பயன்படுத்துதல் வேண்டும்.

பொருந்தாத இடங்கள்

சில சுவிட்சுகள் மட்டுமே கொண்ட, அரிதாக மாற்றம் பெறும் சிறிய அலுவலக வலையமைப்புக்கு இம்முறை பெரும்பாலும் தேவையற்றது. நிரலாக்கமும் வலையமைப்பும் ஒருங்கே அறிந்த பணியாளர் இல்லாத நிறுவனம், முதலில் ஒரு கட்டடத்திலோ ஓர் ஆய்வகத்திலோ மட்டும் இதனை அமைத்து, பழுது நேரும்போது அதனைச் சீர்செய்யும் பயிற்சி பெற்ற பின்னரே விரிவாக்குதல் தக்கது.