‘யோசிக்காதீங்கோ’ என்றால் நெஞ்சு கேட்குமா?

2004 செப்டம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 52 நாடுகளில், முதல் மாரடைப்பு வந்தவர்களும் வராதவர்களுமாக ஏறத்தாழ 25,000 பேரை அது ஒப்பிட்டது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதயநோய் நிபுணர் சலீம் யூசுப் தலைமையில் நடந்த அந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில் இலங்கையரும் இருந்தார்கள். புகையிலை, பிறஷர், சீனி வருத்தம், கொழுப்பு என்ற பழைய பட்டியலோடு அது இன்னொன்றையும் சேர்த்தது: வீட்டிலும் தொழிலிலும் ஓயாத மன அழுத்தம். அப்படி வாழ்ந்தவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை போயா தினத்தன்று, திருகோணமலை மாவட்டத்தின் கரை நெடுகக் கடல் ஏறியது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என ஊர் ஊராக அழிவு. கிண்ணியாவில் ஆஸ்பத்திரியே அடிபட்டுப் போனது. அதிலிருந்து தலைதூக்கும் முன்பே 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டது; சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் ஓடியது. அதே ஆண்டில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் சொந்தக் காணிக்குத் திரும்ப ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் எடுத்தன. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகத்தாரும் ஏதோ ஒரு விதத்தில் இதைப் பட்டவர்கள்.

இந்த மாவட்டத்தில் நெஞ்சு நோவோடு கிளினிக்குக்கு வருபவருக்கு அநேகமாகக் கிடைக்கும் ஆறுதல் வார்த்தை ஒன்றுண்டு: “கனக்க யோசிக்காதீங்கோ.” அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது வைத்தியம் ஆகாது.

திடீர்ப் பயம் உயிரைக் குடிக்கும் என்பதற்குத் தெளிவான சான்று லொஸ் ஏஞ்சல்ஸில் கிடைத்தது. 1994 ஜனவரி 17 அதிகாலை அங்கே நோர்த்ரிட்ஜ் நிலநடுக்கம். இதய நாள நோயால் நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்துக்கும் குறைவான திடீர் மரணங்களே பதிவாகும் அந்தப் பகுதியில், அன்று ஒரே நாளில் 24 பேர் இறந்தார்கள். ஏற்கெனவே நாளத்தில் நோய் இருந்தவர்களுக்கு அந்த ஒரு அதிர்ச்சியே எமனாயிற்று.

திருகோணமலைக்கு இதைவிட நெருக்கமானது நியூ ஓர்லியன்ஸின் கதை. 2005இல் கத்ரினா சூறாவளியில் மூழ்கிய துறைமுக நகரம் அது. அங்குள்ள டுலேன் ஆஸ்பத்திரியில் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, அனுமதிக்கப்படுவோரில் மாரடைப்புக்காரர்களின் பங்கு முன்பிருந்ததைப்போல் மூன்று மடங்காகியிருந்தது. ஆண்டுகள் கடந்தும் அது இறங்கவில்லை. வேலை போனவர்கள், தற்காலிகக் குடியிருப்பில் கிடந்தவர்கள், புகைத்தவர்கள், குளிசையை ஒழுங்காகப் போடாதவர்கள் அவர்களில் அதிகம். வெள்ளம் வடிந்த பின்னும் வடியாத வாழ்க்கைதான் அவர்கள் நெஞ்சைப் பிடித்தது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். பயம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. நாடி விரைகிறது, பிறஷர் ஏறுகிறது, காயம் பட்டால் இரத்தம் சட்டென உறையட்டும் என்று இரத்தத் தட்டுகள் ஒட்டும் தன்மை பெறுகின்றன. ஆபத்து கடந்ததும் எல்லாம் இறங்க வேண்டும். ஓயாத பதற்றத்தில் இருப்பவருக்கு அது முழுமையாக இறங்குவதில்லை. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 293 பேரின் மூளையைப் படம் எடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பயத்தை உணரும் மூளைப்பகுதி எவருக்கு அதிகம் விழித்திருந்ததோ, அவருடைய எலும்பு மச்சையும் கூடுதலாக வேலை செய்தது. இரத்தக் குழாய்ச் சுவர்களில் அழற்சி மிகுந்திருந்தது. பின்னாளில் இதய நோயும் அவருக்கே அதிகம் வந்தது. அழற்சி கண்ட சுவரில் படிந்த கொழுப்பு ஒருநாள் வெடித்தால், அதன்மேல் இரத்தம் உறைந்து நாளத்தை அடைக்கும்.

மனச்சோர்வு இதோடு வேறு வழியிலும் வேலை செய்கிறது. எழுந்து நடக்க மனம் வராது, சாப்பாடு இறங்காது, நித்திரை வராது; கிளினிக் நாள் வந்தாலும் ‘போய் என்னத்துக்கு’ என்றிருக்கும். பீடியும் சிகரெட்டும் கூடும்.

எதிர்த்திசையிலும் இது ஓடும். மாரடைப்பிலிருந்து தப்பியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார். 1993இல் மொன்றியலில் மாரடைப்பு வந்த 222 பேரைக் கவனித்தபோது, சோர்வில் இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு இருந்தது. ‘சாவின் வாசல் வரை போனவருக்குக் கவலை இருக்காதா’ என்று வீட்டார் அதை விட்டுவிடுகிறார்கள். பயங்கரமான அலட்சியம் இது.

போருக்குப் பின் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த கணக்கெடுப்பு 2011இல் வெளியானது. பதற்றத்தின் அறிகுறிகள் 32.6 வீதம் பேரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதம் பேரிடமும் இருந்தன; இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்களிடம் இன்னும் அதிகம். இலங்கை ஆஸ்பத்திரி மரணங்களிலோ பல ஆண்டுகளாக முன்னணியில் நிற்பது இதய நாள நோய். இந்த இரண்டையும் வெவ்வேறு அறையில், வெவ்வேறு கொப்பியில் எழுதி வைத்தால் எப்படிச் சரிவரும்?

சிகிச்சை உண்டு. மாரடைப்புக்குப் பிறகு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுப்பது பாதுகாப்பானது என்று 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் இதயத் துடிப்பைக் குழப்பக்கூடும். ஆகவே மனநல கிளினிக்கில் இதய நோயையும், இதய கிளினிக்கில் மனநலக் குளிசையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறுபக்கம், 2,500க்கு நெருங்கிய நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உரையாடல் வழிச் சிகிச்சை கொடுத்து மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2003இல் வந்தது. மனம் தேறியது, இறப்பு குறையவில்லை. அது ஏமாற்றம்தான். ஆனாலும் இரவில் நித்திரை வரவும், காலையில் எழுந்து நடக்கவும், குளிசையைத் தவறாமல் போடவும் ஒருவரால் முடிகிறதென்றால் அந்த வைத்தியத்துக்கு வேறு நியாயம் தேவையில்லை.

பதற்றத்தாலும் நெஞ்சு அடைக்கும், படபடக்கும், வியர்க்கும். ஆனால் அது பதற்றம்தான் என்று முடிவு கட்டுவது ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகே. பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் மாரடைப்பு சிலவேளை மூச்சு முட்டலாக, குமட்டலாக, காரணமில்லாத களைப்பாக மட்டும் வரும். ‘அவ எப்பவும் இப்படித்தான்’ என்று அவர்களை வீட்டிலேயே படுக்க வைத்துவிடுகிறார்கள். நெஞ்சு நோ கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், 1990க்கு அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மனச்சோர்வைத் தேடுவதற்கு இரண்டு கேள்விகளில் தொடங்கலாம். கடந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்து, நம்பிக்கையில்லாமல் இருந்ததா? எதைச் செய்யவும் விருப்பமில்லாமல் இருந்ததா? இதய நோயாளிகளிடம் இப்படிக் கேட்க வேண்டுமென்று அமெரிக்க இதயச் சங்கம் 2008இலேயே பரிந்துரைத்தது. பிறஷர் பார்க்கும் நேரத்திலேயே தாதி ஒருவர் கேட்டுவிடலாம். ‘ஓம்’ என்று பதில் வந்தால் அடுத்த கதவு மனநல கிளினிக். இரவில் தனியே தவிப்பவருக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.