நீருக்குள் கிடந்த எக்ஸ்-விங்

"லூக்கை ஒண்ணுமில்லாம ஆக்கிட்டாங்களே மாமா" என்றான் தங்கை மகன். ஸ்டார் வார்ஸ் வரிசையை 1977-இல் வந்த முதல் படத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவன், முந்தின நாள்தான் 2017-இன் 'த லாஸ்ட் ஜெடாய்'க்கு வந்து சேர்ந்திருந்தான். அதில் லூக் ஸ்கைவாக்கர் தாடியும் சிடுசிடுப்புமாக ஒரு தீவில் ஒதுங்கிக் கிடக்கிறார். மீன் குத்துகிறார், சண்டைக்கு வரமாட்டேன் என்கிறார். பையனுக்கு நிஜமான வருத்தம்.

டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "பவர் போச்சா, இல்ல, இருந்தும் எடுக்க மனசு வரலையா? ரெண்டும் வேற."

அந்தக் கதை உலகத்தில் பலம் என்றால் ஃபோர்ஸ். அதற்கு இடம் உடம்பின் சதையில் இல்லை. அதனால் வயது ஏறினால் அது குறைந்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 1980-இல் வந்த 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்'கை நினைத்துப் பாருங்கள். சேற்றில் முங்கிய தன் எக்ஸ்-விங் விண்கலத்தை வாலிப லூக் தூக்கப் பார்க்கிறான், முடியவில்லை. 900 வயதை நெருங்கிய, முழங்கால் உயரமே இருக்கிற குரு யோடா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கரையில் கொண்டுவந்து வைக்கிறார். முதல் படத்திலேயே கிழவர் ஓபி-வான், டார்த் வேடரோடு மோதும்போது வாளை நிமிர்த்திப் பிடித்தபடி வெட்டை ஏற்றுக்கொள்கிறார். லூக்கும் மற்றவர்களும் தப்ப அந்த அவகாசம் போதும் அவருக்கு.

அதைக் கண்கலங்க ரசித்த நாமே, 40 வருஷம் கழித்து லூக் அதே வழியில் போனபோது ஏன் கோபப்பட்டோம்? இதை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். ஓபி-வானை நாம் சந்தித்ததே கிழவராகத்தான். லூக்கோடு நாமும் சேர்ந்து வளர்ந்தோம். நம் வீட்டுப் பிள்ளை ஒருத்தன் ஊரைவிட்டுப் போய், தளர்ந்து திரும்பியது போல இருந்தது.

அவர் தளர்ந்ததற்குப் படம் சொல்லும் காரணம் கனமானது. தூங்கிக்கொண்டிருந்த சீடன் பென்னின் மனதில் இருள் மூண்டிருப்பதைக் கண்டு, ஒரே ஒரு நொடி, கொன்றுவிடலாம் என்று லூக் வாளை ஏற்றிவிடுகிறார். பையன் விழித்துக்கொள்கிறான். அந்தப் பென்தான் வில்லன் கைலோ ரென் ஆகிறான். அதன்பின் லூக் ஃபோர்ஸின் பக்கமே கதவைச் சாத்திக்கொள்கிறார். பென் யார்? லூக்கின் உடன்பிறந்த லேயாவின் மகன். லூக் அவனுக்குத் தாய்மாமன். எதிரே உட்கார்ந்திருந்த தங்கை மகனிடம் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கித்தான் போனது.

என் மனத்தாங்கல் ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய சறுக்கலைப் படம் சில நிமிட நினைவுக்காட்சிகளில் முடித்துவிடுகிறது. பழைய படங்களுக்கும் இதற்கும் இடைப்பட்ட 30 வருஷத்தை நாம் வாழ்ந்து பார்க்கவே இல்லை. லூக்காக நடித்த மார்க் ஹாமிலே இயக்குநர் ரையன் ஜான்சனின் பார்வையோடு ஒத்துப்போகவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதைப் பொதுவில் பேசியதற்காகப் பின்னால் வருந்தவும் செய்தார்.

இனி கிரெய்ட் கிரகத்துக் காட்சி. வெள்ளை உப்புத் தரை. மிதித்தால் அடியிலிருக்கும் சிவப்பு தெரியும். லூக் தனியாளாக நடந்து வந்து ஒரு படையின் முன் நிற்கிறார். அத்தனை பீரங்கிகளையும் கைலோ அவர்மேல் திருப்புகிறான். புகை விலகினால் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் காலடியைப் பாருங்கள், சிவப்பே இல்லை. கையிலிருப்பதோ கொஞ்சம் முன்னால் இரண்டாக உடைந்துபோன நீல வாள். ஆள் அங்கே வரவே இல்லை; எங்கோ இருக்கும் அந்தத் தீவில் உட்கார்ந்தபடி உருவத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார். ஒருவரையும் கொல்லாமல், கைலோவை எதிர்த்தவர்களில் மிச்சமிருந்த கூட்டத்தைத் தப்பவைத்துவிட்டார். லூக் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன்.

விலையையும் படம் முன்னாடியே சொல்லிவிடுகிறது. தூரத்திலிருந்து தன் முன்னே தோன்றும் புதுப் படங்களின் நாயகி ரேயிடம், இப்படித் தோன்றுவது உன் வேலையாக இருக்காது, இந்த முயற்சியே உன்னைக் கொன்றுவிடும் என்கிறான் கைலோ. அதைக் காதில் வாங்கியவர்களுக்கு, கடைசியில் லூக் இறப்பது திடீரென்று வந்ததாகத் தோன்றாது. பலம் அப்படியே இருந்தது, அதைத் தாங்கும் உடம்புக்குத்தான் வயதாகியிருந்தது.

இதில் கதை சொல்பவரின் சங்கடமும் கலந்திருக்கிறது. முழுப் பலத்தோடு லூக் முதல் காட்சியிலேயே வந்து நின்றால் ரேயின் கதைக்கு இடமே இருக்காது. அதனால்தான் 2015-இன் 'தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்' அவரைத் தேடும் படமாகவே ஓடி, கடைசியில் ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிட்டு முடிகிறது.

பையன் டம்ளரைக் கீழே வைத்தான். "அந்தத் தீவுல தண்ணிக்குள்ள எக்ஸ்-விங் கிடந்துச்சே மாமா, அதை ஏன் தூக்கல?"

நல்ல கேள்வி. 2019-இன் 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' அவன் இன்னும் பார்க்கவில்லை. அதனால் அவனிடம் சொல்லவில்லை. அதில் ரே போகவேண்டிய இடத்துக்குப் போக வழியில்லாமல் அதே கரையில் நிற்கிறாள். செத்துப்போன லூக் ஆவியாக வந்து கையை உயர்த்துகிறார். தண்ணீர் வழிய வழிய எக்ஸ்-விங் மேலே வருகிறது.