பத்து பகாட் பப்பாளி கற்றுத்தரும் பாடம்

மாணவர்களே, பப்பாளி வாங்கும்போது இனிக்குமா என்று கேட்போம். அந்த மரம் நோயைத் தாங்குமா என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை 2003ஆம் ஆண்டின் இறுதியில் எழுப்பியது ஜோகூரின் பத்து பகாட் வட்டாரம்.

மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் (மார்டி) 1987இல் வெளியிட்ட ‘எக்சோத்திக்கா’ பப்பாளி, சுவையால் ஏற்றுமதிச் சந்தையில் பெயர் பெற்றது. ஆனால், பத்து பகாட் தோட்டங்களில் இலைகளிலும் காம்புகளிலும் எண்ணெய் பட்டதுபோல் நீர்கோத்த புள்ளிகள் தோன்றின. குருத்து அழுகியது, மரம் உச்சியிலிருந்து கீழ்நோக்கி மடிந்தது. மலாயில் இதை ‘மாத்தி ரோசோட்’ என்பர். எர்வினியா என்ற பாக்டீரியாவே காரணம். நோய் மற்ற மாநிலங்களுக்கும் பரவி, சுமார் 800 ஹெக்டேர் பப்பாளியை அழித்தது.

மருந்து தெளித்தால் போதாதா? கிருமி திசுக்களுக்குள் புகுந்துவிட்டால் மருந்து அதை எட்டுவது கடினம். மழைத் துளியும் வெட்டுக் கத்தியும் அதை அடுத்த மரத்துக்குக் கொண்டு செல்கின்றன. நோயுற்ற மரத்தை வெட்டி அழிப்பதுதான் விவசாயிக்கு எஞ்சும் வழி. நிலையான தீர்வு, எதிர்ப்புத்திறன் உள்ள ரகமே.

அதை உருவாக்குவது எப்படி? பீன்ஸ் பயிர் நல்ல எடுத்துக்காட்டு. அதையும் ஒரு பாக்டீரியா கருகல் நோய் தாக்குகிறது. எதிர்ப்புத்திறன், வறண்ட நிலத்து உறவினமான டெப்பரி பீன்ஸில் கிடைத்தது. இரண்டையும் கலந்தால் கரு பெரும்பாலும் விதைக்குள்ளேயே மடிந்துவிடும். ஹொன்மா என்ற ஆய்வாளர் கருவைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்தார். அந்தக் கலப்பினத்தை 1956இல் அறிவித்தார்.

அடுத்தது ‘பின்கலப்பு’. கலப்பினத்தை நல்ல ரகத்துடன் மீண்டும் மீண்டும் கலப்பார்கள். உறவினத்தின் மரபணுப் பங்கு சராசரியாகப் பாதி, கால், அரைக்கால் எனக் குறையும். ஒவ்வொரு தலைமுறையிலும் கிருமியைத் தொற்றவைத்து, தாக்குப்பிடிக்கும் செடிகளை மட்டும் வைத்துக்கொள்வார்கள். இன்று டிஎன்ஏ குறியீடுகள் நாற்றுப் பருவத்திலேயே அவற்றைக் காட்டிக்கொடுக்கின்றன.

சுவைக்காக எக்சோத்திக்காவை உருவாக்கியதும் இதே பின்கலப்பு முறைதான். இந்த நோயை ஓரளவு தாங்கும் ‘வியோரிக்கா’ என்ற ரகத்தையும் மார்டி பின்னர் உருவாக்கியது. தாங்குதல் வேறு, முழு எதிர்ப்பு வேறு. பணி இன்னும் முடியவில்லை.

ஐந்தாம் படிவ உயிரியலில் மெண்டலின் பட்டாணியைப் படிக்கும்போது, அதைத் தேர்வுக் கேள்வியாக மட்டும் பார்க்காதீர்கள். ஒரு தோட்டக் குடும்பத்தின் அடுத்த அறுவடை அந்தப் பாடத்தில் இருக்கிறது.