உங்கள் பெயரில் வியாபாரம் செய்வது யார்?

பகலில் தோல் தொழிற்சாலை வேலை, இரவில் வீட்டில் செருப்பு தைத்து விற்பனை. நூறு நாள் வேலை போக மீதி நாளில் தையல். கல்லூரி விட்டதும் செல்போன் பழுது நீக்கும் கடை. கூலியை மட்டும் நம்பியிராமல் நம் குடியிருப்புகளில் பலர் இப்படிப் பக்கத் தொழில் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல மாற்றம்.

இவர்களைத் தேடி இடைத்தரகர்களும் வருகிறார்கள். "ஜிஎஸ்டி எண் இல்லாவிட்டால் அபராதம்" என்று மிரட்டிப் பணம் பறிப்போர் ஒரு சாரார். "ஆதாரும் பான் அட்டையும் கொடுங்கள், கடன் வாங்கித் தருகிறோம்" என்போர் இன்னொரு சாரார். கூலித் தொழிலாளர் பெயரில் போலி நிறுவனம் தொடங்கப்பட்டு, பெரும் தொகை வரி கேட்டு அவர் வீட்டுக்கு நோட்டீஸ் வந்த செய்திகளை நம் மாநிலத்திலேயே படித்திருக்கிறோம்.

யாருக்குப் பதிவு கட்டாயம்?

பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் கட்டாயம். தையல், பழுது நீக்கல் போன்ற சேவைக்கு வரம்பு 20 லட்சம். விற்றுமுதல் என்பது லாபம் அல்ல, மொத்த விற்பனைத் தொகை. வேலையில் வாங்கும் சம்பளம் இதில் சேராது. ஆனால் ஒரே பான் எண்ணில் இரண்டு தொழில் நடத்தினால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. பெங்களூருக்கோ திருப்பதிக்கோ பொருள் அனுப்பி விற்றால், வரம்புக்குக் கீழே இருந்தாலும் பதிவு வேண்டும். குறிப்பிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. ஜிஎஸ்டி இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். கடை வைக்கும் வீடு தாத்தா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் தயங்க வேண்டாம். அவரது ஒப்புதல் கடிதமும், வீட்டு வரி அல்லது மின்கட்டண ரசீதும் போதும்.

எண் வாங்கினால் கடமையும் சேர்ந்தே வரும். விற்பனையே இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். தொழிலை நிறுத்தினால் பதிவை ரத்து செய்யவும் விண்ணப்பிக்க வேண்டும்.

பெயரைக் கொடுக்காதீர்கள்

தனி உரிமையாளர் தொழிலில் கடை வேறு, ஆள் வேறு அல்ல. கடையின் வரி பாக்கி அந்த ஆளின் பாக்கி. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் கொள்கை. அந்த வாய்ப்பை நாமே பயன்படுத்த வேண்டும். நம் பெயரை முன்னால் நிறுத்தி வேறொருவர் பயன்படுத்த விடக் கூடாது.

ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை இட்டுத் தேடினால், அதில் எத்தனை பதிவுகள் உள்ளன என்று தெரிந்துவிடும். தெரியாத நிறுவனம் இருந்தால் வணிகவரி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அண்ணல் அம்பேத்கர் வரியையும் அரசின் வரவு செலவையும் ஆராய்ந்து 1925இல் நூல் வெளியிட்ட பொருளாதார அறிஞர். அவர் படத்தை மாட்டியிருக்கும் படிப்பகங்களில் மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், ஊரார் அத்தனை பேரின் பான் எண்ணையும் சரிபார்த்துக் கொடுத்துவிடலாம்.