குரலிழந்த சில்லுக்குக் குரல் தருவோர்

வீட்டு வானொலிப்பெட்டி பழுதானால் அதைப் பரணில் ஏற்றிவிட்டுப் புதியது வாங்குவதே உலக வழக்கம். ஆயினும், நாற்பதாண்டுகட்கு முற்பட்ட ஒரு கணிப்பொறியைக் கைவிட மனமின்றி, அதற்கென இன்றும் புதிய உறுப்புகளை வடிவமைக்கும் அன்பர் கூட்டம் ஒன்று மேலைநாடுகளில் உண்டு. ஊதியத்திற்காக அன்று, பெரும்பாலும் உவகைக்காகவே அவர்கள் உழைக்கின்றனர். அவர்களிடையே நிலவும் போட்டி சுவையானது.

1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கமோடோர் நிறுவனம் 'கமோடோர் 64' என்னும் வீட்டுக் கணிப்பொறியை 595 டாலர் விலைக்கு வெளியிட்டது. இன்றைய கைப்பேசியின் நினைவகத்தோடு ஒப்பிடின் அதன் 64 கிலோபைட் கடுகளவும் ஆகாது. ஆனால் அதற்கு இனியதொரு குரல் இருந்தது. பாப் யான்னஸ் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த 'சிட்' என்னும் ஒலிச்சில்லே அக்குரல். 28 கால்கள் கொண்ட அச்சில்லு ஒரே வேளையில் மூன்று குரல்களில் இசைக்கும். அக்காலத்து வீட்டுக் கணிப்பொறிகள் பல சீழ்க்கை அடித்துக்கொண்டிருக்க, இது பாடிற்று எனலாம்.

1994-இல் கமோடோர் நொடித்துப்போயிற்று. சிட் சில்லை வார்ப்பார் இல்லை. அக்கணிப்பொறியின் மின்வழங்கிப் பெட்டியோ முதுமையுற்றால் 5 வோல்ட்டுக்கு மேல் அழுத்தத்தைப் பாய்ச்சி, உள்ளிருக்கும் சில்லுகளைச் சாகடித்துவிடும். ஒன்றைப் பிழைப்பிக்க மற்றொன்றின் சில்லைப் பிடுங்கவேண்டிய நிலை வந்தது. தட்டுப்பாட்டைக் கண்ட வணிகர் சிலர், வேறு சில்லுகளின் பெயரைச் சுரண்டிவிட்டுச் 'சிட்' என்று அச்சிட்டு விற்கவும் துணிந்தனர். காசு பார்க்கும் கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை!

இந்நிலையில்தான் பொழுதுபோக்குப் பொறியாளர்கள் களமிறங்கினர். அதே குழியில் பொருந்தி அதே குரலில் பாடும் மாற்றுச்சில்லைப் படைக்கவேண்டும் என்பதே பந்தயம். 'ஸ்வின்சிட்' வந்தது, செக் நாட்டிலிருந்து 'ஆர்ம்சிட்' வந்தது, ஜெர்மனியிலிருந்து 'எஃப்பிஜிஏசிட்' வந்தது. ஒருவர் படைப்பில் விடுபட்டதை அடுத்தவர் சேர்த்தார். சான்றாக, சுழற்குமிழ், சுட்டெலி ஆகியவற்றின் நிலையை அளந்து கூறுவதும் சிட் சில்லின் கடமையே. முதலில் வந்த ஸ்வின்சிட் பாடியதேயன்றி அப்பணியைச் செய்யவில்லை; பின்வந்தவை செய்தன.

இப்போட்டியில் வியப்பூட்டுவது யாதெனில், மூலச்சில்லின் குறையையும் அவர்கள் விடாது படைக்கவேண்டியிருந்தது. ஒலியளவை மாற்றும்போதெல்லாம் பழைய 6581 வகைச் சில்லு 'டக்' என ஒலிக்கும். இஃது ஒரு குறைபாடே. ஆனால் கூர்மதி கொண்ட நிரலாளர்கள் 16 படிகளே உள்ள அவ்வொலியளவை நொடிக்குப் பல்லாயிரம் முறை மாற்றி, அந்த 'டக்'குகளைக் கோத்து மனிதக் குரலையும் முரசொலியையும் எழுப்பினர். பின்னர் நிறுவனம் குறையைத் திருத்தி 8580 வகையை வெளியிட்டபோது அக்குரல்கள் மெலிந்து கேட்காமற்போயின. திருத்தம் கண்டு இரசிகர் வருந்திய விந்தை இது! ஆகவே, குறையற்ற மாற்றுச்சில்லை இவ்வன்பர்கள் விரும்புவதில்லை.

போட்டியாளர் என்றதும் பகைவர் என எண்ணற்க. மதிப்புத் தருவதில் ஒருவரையொருவர் முந்துமாறு புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதினார் அன்றோ? அத்தகைய முந்துதல் இங்கும் உண்டு. பழைய சில்லின் ஓட்டைத் திறந்து, உள்ளமைப்பை நுண்ணோக்கியால் படமெடுத்து, யாவரும் காண வெளியிட்டவர்கள் இருக்கிறார்கள். சிட் சில்லின் நடத்தையைக் கணக்கிட்டுக் காட்டும் 'ரீசிட்' என்னும் மென்பொருள் எவர்க்கும் இலவசம். அதனைக்கொண்டே 'சிட்கிக் பிக்கோ' எழுந்தது. அதன் வரைபடமும் நிரலும் மறுபடி பொதுவில் வைக்கப்பட்டன. அதன் மூளையாய் அமைந்த 'ராஸ்பெரி பை பிக்கோ' 2021-இல் வெளிவந்தபோது விலை 4 டாலர் மட்டுமே.

ஒரு வழக்கு மட்டும் தீர்ந்தபாடில்லை. 6581 சில்லுகளின் ஒலிவடிகட்டி உற்பத்தியிலேயே ஒன்றுபோல் ஒன்று அமையவில்லை. ஒன்றில் கனத்து முழங்கும் பாடல் மற்றொன்றில் மங்கி ஒலிக்கும். அவ்வாறாயின், எதன் குரலைப் போலச்செய்வது? ஒவ்வொருவரும் தம் இளமையில் தம் வீட்டில் கேட்ட குரலே மெய்க்குரல் என்கின்றனர். வடிவமைப்பாளர்களும் வேறு வழியின்றி, வடிகட்டியை அவரவர் செவிக்கேற்பத் திருத்திக்கொள்ளும் வசதியை மாற்றுச்சில்லிலேயே வைத்துக் கொடுத்துவிட்டனர்.