ரோல்பிளே அறைக்குள் நுழையும் முன்: பாத்திரக் குறிப்பை எப்படி எழுதுவது?

வெவ்வேறு ஊர்களில் இருக்கும் ஐந்தாறு பேர், ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராதவர்கள், ஓர் இணைய அரட்டை அறையில் கூடி ஒரே கதையை எழுதுகிறார்கள். தன் பாத்திரம் சத்திரத்துக்குள் நுழைவதாக ஒருவர் இரண்டு வரி எழுதுகிறார். இன்னொருவரின் பாத்திரம் நிமிர்ந்து பார்த்து, "யாரைத் தேடி வந்தீர்கள்?" என்கிறது. மூன்றாமவரின் பாத்திரம் எழுந்துபோய்க் கதவைத் தாழிடுகிறது. இயக்குநர் கிடையாது, எழுதிவைத்த வசனம் கிடையாது, முடிவு யாருக்கும் தெரியாது. இதைத்தான் ரோல்பிளே என்கிறார்கள்.

இத்தகைய அறைகள் பலவற்றில் நுழைந்ததும் ஆடத் தொடங்கிவிட முடியாது. உங்கள் பாத்திரத்தைப் பற்றிய அறிமுகக் குறிப்பை, அதாவது கேரக்டர் புரொஃபைலை, முதலில் எழுதித் தர வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். சிலர் பெயர், வயது, உயரம், கண் நிறம் என்று நிரப்பிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சிலர் பாத்திரம் பிறந்தது முதல் நடந்த அத்தனையையும் பத்துப் பக்கத்துக்கு எழுதுகிறார்கள். இரண்டு வகைப் பாத்திரமும் அறையில் தனியாகவே நிற்கும். அதனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று மற்றவர்களுக்குப் பிடிபடாது. இந்தக் குறிப்பு உங்களுக்காக எழுதப்படுவதல்ல, உங்களோடு ஆடப்போகிறவர்களுக்காக எழுதப்படுவது. இது மனதில் பதிந்துவிட்டால் எதை எழுதுவது, எதை விடுவது என்பது தானாகத் தெளிவாகும்.

மேசையிலிருந்து திரைக்கு

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளியானது. நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டு அது. ஆடுகிற ஒவ்வொருவரும் தன் பாத்திரத்துக்கென ஒரு தாள் வைத்திருப்பார். வலிமை, லாகவம், உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்கள். மூன்று பகடைகளை உருட்டி வரும் கூட்டுத்தொகையே, அதாவது 3 முதல் 18 வரையிலான ஓர் எண்ணே, ஒவ்வொரு குணத்துக்கும் அளவு. பாத்திரத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைத் தாள் சொல்லிவிடும்.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்டில் என்ற மாணவர்கள் 'மட்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். பலர் ஒரே நேரத்தில் உலவக்கூடிய அந்தக் கணினி உலகத்தில் படம் எதுவும் இல்லை, எல்லாமே எழுத்துதான். 1988இல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் ஐஆர்சி என்ற அரட்டை முறையை எழுதினார். அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் 'டைனிமட்'டைத் தொடங்கினார். சண்டையும் மதிப்பெண்ணும் அங்கே பின்னுக்குப் போயின. மற்றவர்களோடு பேசுவதும் புது இடங்களைக் கட்டுவதுமே முக்கியமாயின. 1990இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்டிஸ் தொடங்கிய 'லாம்டாமூ'வும் இந்த வழியில் வந்ததுதான்.

லாம்டாமூவில் எதிரே நிற்பவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள, 'பார்' என்று பொருள்படும் கட்டளையோடு அவர் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். அவர் தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் வர்ணனை உடனே திரையில் வரும். முகமும் குரலும் இல்லாத இடத்தில் அந்த நாலைந்து வரிகளே ஆளின் உருவம். விளையாட்டுத் தாளில் இருந்த 'என்ன முடியும்' என்ற கணக்கும், எழுத்துலகில் வளர்ந்த 'எப்படித் தெரிவார்' என்ற வர்ணனையும் சேர்ந்ததுதான் இன்றைய பாத்திரக் குறிப்பு. 2015இல் வந்த டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் இன்று எத்தனையோ ரோல்பிளே குழுக்கள் இயங்குகின்றன. பாத்திரக் குறிப்புகளைச் சமர்ப்பிக்கத் தனிச் சேனல் ஒதுக்கி, நிர்வாகிகள் படித்து ஒப்புதல் தந்த பிறகே ஆட விடும் குழுக்கள் அங்கே உண்டு. 'டப்பர்பாக்ஸ்' போன்ற பாட்களில், அதாவது தானியங்கி நிரல்களில், பாத்திரத்தின் பெயரையும் படத்தையும் பதிந்துவைத்தால், நீங்கள் எழுதுவது அந்தப் பாத்திரத்தின் பெயரிலேயே வெளிவரும்.

எந்தப் பகுதி எதற்கு?

தெருக்கூத்தில் வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னால் வந்து நின்றதும் கட்டியங்காரன் கேள்வி கேட்பான். அவர் யார், எந்த நாடு, எதற்காக வந்தார் என்பதெல்லாம் அந்தப் பதில்களில் சபைக்குத் தெரிந்துவிடும். அரட்டை அறையில் கட்டியங்காரன் இல்லை. அவன் வேலையையும் குறிப்பே பார்த்தாக வேண்டும்.

எழுதத் தொடங்கும் முன் அந்த அறையின் கதையுலகத்தையும் விதிகளையும் முழுமையாகப் படியுங்கள். மந்திரமே இல்லாத உலகத்துக்கு மந்திரவாதியை எழுதி அனுப்பினால் திரும்பி வந்துவிடும். சண்டையின் முடிவைப் பகடை தீர்மானிக்கிறதா, ஆடுகிறவர்களே பேசி முடிவு செய்கிறார்களா என்பதையும் பாருங்கள். பகடை உருளும் அறை என்றால் திறன்களுக்கு எண் தேவைப்படும். மற்ற இடங்களில் 'நன்றாக வரும்', 'ஓரளவு வரும்', 'வராது' என்று பிரித்துச் சொன்னால் போதும்.

பெயர் அந்த உலகத்தோடு ஒட்ட வேண்டும். மற்றவர்கள் அதை மாலை முழுக்கத் தட்டச்சு செய்யப்போகிறார்கள் என்பதால் சிறிதாக இருப்பது நல்லது. தோற்றத்தில் அளவுகளை அடுக்காதீர்கள். அறைக்குள் வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். 'ஐந்தடி ஏழங்குலம்' என்பதைக் கேட்டு யாரும் எதுவும் பேசப்போவதில்லை. 'வலது கையில் எப்போதும் கட்டு' என்றால் ஒருவர் கட்டாயம் காரணம் கேட்பார்.

குறிப்பின் உயிர் மூன்று பகுதிகளில் இருக்கிறது: ஆசை, குறை, ரகசியம். ஆசை பாத்திரத்தை நகர்த்தும். 'உலகை வெல்ல வேண்டும்' போன்ற பெரிய ஆசையைவிட, இந்த வாரத்துக்குள் கடனை அடைத்தாக வேண்டும் என்பது போன்ற சின்ன ஆசை காட்சிக்கு அதிகம் உதவும். குறை மற்றவர்களுக்கு இடம் கொடுக்கும். எல்லாம் தெரிந்தவருக்கு யாருடைய துணையும் தேவைப்படாது. துணை தேவைப்படாதவரோடு ஆடுவதற்கு எதுவும் இருக்காது. ரகசியம் கதைக்கு நாள்பட்ட சுவாரசியம் தரும். அதை நிர்வாகியிடம் மட்டும் சொல்லிவைக்கலாம். எல்லோரும் படிக்கும்படி எழுதிவிட்டு, பாத்திரங்களுக்குத் தெரியாததுபோல் ஆடச் சொல்லவும் செய்யலாம்.

பேச்சு நடையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எழுத்தாலேயே நடக்கும் ஆட்டத்தில் அதுதான் பாத்திரத்தின் குரல். எல்லோரையும் மரியாதையோடு அழைப்பவரா, சுருக்கமாகப் பேசுபவரா, கேள்விக்குக் கேள்வியே பதிலாகச் சொல்பவரா? மாதிரி வசனம் ஒன்றைச் சேர்த்தால் நாலு வரி விளக்கம் மிச்சம். முன்கதையைப் பொறுத்தவரை ஒரு பத்தி போதும். மிச்சத்தை ஆடும்போது கண்டுபிடிக்கலாம்.

ஒரு மாதிரிக் குறிப்பு

துறைமுக நகரம் ஒன்றில் நடக்கும் கற்பனைக் கதைக்கு இப்படி எழுதலாம்:

பெயர்: மாதங்கி. வயது: 34. தொழில்: பூட்டுச் செய்பவள்.

தோற்றம்: விரல்களில் எண்ணெய்க் கறை. இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. நடந்து வந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

திறன்: எந்தப் பூட்டையும் கையால் தடவியே எடைபோடுவாள். சண்டை வராது. ஓடவும் முடியாது, முழங்கால் வலி.

ஆசை: அப்பா சாகும்வரை திறக்க முடியாமல் விட்டுப்போன இரும்புப் பெட்டியைத் திறக்க வேண்டும். அதைச் செய்தவர் யார் என்று தேடுகிறாள்.

குறையும் ரகசியமும்: எழுதப் படிக்கத் தெரியாது. அதை யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

பேச்சு: "பூட்டு பொய் சொல்லாது. உங்களைப் பற்றி எனக்கு அப்படித் தோன்றவில்லை."

யாரோடு சேரலாம்: வணிகர்கள், திருடர்கள், காவலர்கள் எல்லோரும் அவள் கடைக்கு வந்து போகிறவர்களே.

இதில் கண் நிறம் இல்லை, பிறந்த கதை இல்லை. ஆனால் ஆடத் தேவையானது எல்லாம் இருக்கிறது. பூட்டிய பெட்டியோடு யாரும் அவளிடம் வரலாம். ஒரு கடிதத்தை நீட்டி "இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டு அவளை நெருக்கடியில் மாட்டலாம். அந்த இரும்புப் பெட்டியைச் செய்தவர் தன் தாத்தா என்று இன்னொரு ஆட்டக்காரர் தன் பாத்திரத்துக்கு முன்கதை எழுதிக்கொள்ளலாம். சாவிக்கொத்தின் சத்தம் அவள் ஒளிந்திருக்கும் இடத்தைக் காவலருக்குக் காட்டிக்கொடுக்கலாம். மற்றவர்கள் கதையைப் பின்னிச் சேர்க்க ஒவ்வொரு வரியிலும் இடம் விட்டிருக்கிறது.

தவிர்க்க வேண்டியவை

அழகு, அறிவு, வீரம் எல்லாம் நிறைந்து, எல்லோராலும் நேசிக்கப்பட்டு, ஒருபோதும் தோற்காத பாத்திரத்தை ரசிகர் எழுத்து உலகில் 'மேரி சூ' என்பார்கள். 'ஸ்டார் டிரெக்' ரசிகர்களின் கதைகளைக் கிண்டல் செய்து 1973இல் பாலா ஸ்மித் எழுதிய ஒரு குட்டிக் கதையின் நாயகி பெயர் அது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது என்றால், இந்த ஆசை எத்தனை பேருக்கு வருகிறது என்று புரிந்துகொள்ளலாம். கூட்டாக எழுதும் கதையில் ஒருவர் எப்போதும் ஜெயித்தால் மற்ற ஐந்து பேருக்கும் வேடிக்கை பார்ப்பதுதான் மிச்சம்.

இன்னும் இரண்டு தவறுகளுக்கும் பெயர் உண்டு. மற்றவர் பாத்திரம் என்ன செய்தது, எப்படி அடிபட்டது என்பதையும் நீங்களே எழுதிவிடுவது 'காட்மோடிங்'. நீங்கள் ஆளாகத் தெரிந்துகொண்டதை உங்கள் பாத்திரம் தெரிந்துவைத்திருப்பதாக ஆடுவது 'மெட்டாகேமிங்'. மாதங்கியின் குறிப்பைப் படித்ததாலேயே உங்கள் பாத்திரம் அவளிடம் "உனக்குப் படிக்கத் தெரியாதே" என்று சொல்லிவிடக் கூடாது. முதலில் கதைக்குள் அது வெளிப்பட வேண்டும்.

எல்லைகளையும் எழுதுங்கள்

1993இல் லாம்டாமூவில் ஒருவர், மற்றவர்களின் பாத்திரங்கள் தாங்களே செய்வதுபோல் திரையில் காட்டும் ஒரு நிரலைக் கொண்டு, அவர்கள் செய்யாத ஆபாசமான, வன்முறையான செயல்களை அந்தப் பெயர்களின் மேல் ஏற்றினார். வெறும் எழுத்துதான், ஆனால் பாதிக்கப்பட்டவர்களின் வேதனை உண்மையானது. அங்கே பெரும் விவாதம் எழுந்தது, அந்தக் கணக்கு நீக்கப்பட்டது. பிறகு உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுக்கும் முறை அங்கே கொண்டுவரப்பட்டது. ஜூலியன் டிபெல் அதே ஆண்டு 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் இதை விரிவாக எழுதினார். இணையச் சமூகம் பற்றிய பேச்சில் அந்தக் கட்டுரை இன்றும் குறிப்பிடப்படுகிறது.

ஒருவரின் பாத்திரம் அவருடைய அனுமதியோடு மட்டுமே தொடப்பட வேண்டும் என்பதே அதில் உள்ள பாடம். எனவே குறிப்பின் கடைசியில் சில வரிகளை நீங்கள் நீங்களாகவே எழுதுங்கள். என் பாத்திரம் காயப்படலாம், ஆனால் என்னைக் கேட்காமல் சாகக் கூடாது. குழந்தைகளுக்கு நேரும் கொடுமை உள்ள காட்சிகள் வேண்டாம். காதல் காட்சி வேண்டாம் என்பதுபோல. பாத்திரமாகப் பேசுவதை 'ஐசி' என்றும், ஆளாகப் பேசுவதை 'ஓஓசி' என்றும் ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். ஆளாகப் பேசும்போது இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவது பரவலான வழக்கம். மனதுக்கு ஒவ்வாத எதையும் அந்த அடைப்புக்குறிக்குள் உடனே சொல்லி ஆட்டத்தை நிறுத்தலாம். அதற்கு விளக்கம் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

குறிப்பில் நீங்கள் வரக் கூடாது

உங்கள் உண்மையான பெயர், படிக்கும் பள்ளி, வேலை செய்யும் இடம், ஊர், கைபேசி எண் எதுவும் குறிப்பில் வேண்டாம். பாத்திரத்தின் பிறந்தநாளாக உங்கள் பிறந்தநாளை எழுதுவதும் வேண்டாம். படம் தேவைப்பட்டால் நீங்களே வரையுங்கள், அல்லது ஓவியரிடம் அனுமதி பெற்றுப் பயன்படுத்துங்கள். தெரிந்தவர் ஒருவரின் சமூக ஊடகப் படத்தை எடுத்துப் பாத்திரத்தின் முகமாக வைப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. கற்பனைப் பாத்திரமாக ஆடுவது குற்றமல்ல. ஆனால் கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பாத்திரத்தின் வயதைக் கற்பனை செய்யலாம், ஆடுகிறவரின் வயதைப் பொய்யாகச் சொல்லக் கூடாது. டிஸ்கார்டில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். பெரியவர்களுக்கான அறைகளில் சிறுவர்கள் நுழையவே கூடாது. பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று தெரிந்தால் பெற்றோர் பயந்து தடுப்பதைவிட, எந்த அறை, யார் நிர்வாகி, எழுதிய குறிப்பு எது என்று உட்கார்ந்து கேட்பது நல்லது. கதை எழுதும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு நாளை பெரிய சொத்தாகலாம். எந்த அறையிலாவது யாராவது தனியே பேச அழைத்து, சொந்த விவரமோ படமோ கேட்டால் பேச்சை முறித்துக்கொண்டு நிர்வாகியிடம் சொல்ல வேண்டும். இந்தியாவில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

எழுதி முடித்த குறிப்பை அறைக்கு அனுப்பும் முன், அந்த உலகத்தை அறிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "இந்தப் பாத்திரத்தைச் சந்தித்தால் உங்கள் பாத்திரம் முதலில் என்ன கேட்கும்?" என்று மட்டும் கேளுங்கள். உடனே இரண்டு மூன்று பதில் வந்தால் குறிப்பு தயார். அவர் யோசித்துக்கொண்டே இருந்தால் விவரம் எதையும் கூட்ட வேண்டாம். ஆசையைச் சின்னதாக்குங்கள், குறையை வெளிப்படையாக்குங்கள். சில வாரம் ஆடிய பிறகு குறிப்பைத் திரும்ப எடுத்துத் திருத்துங்கள். மற்றவர்களோடு ஆடும்போது நீங்கள் நினைத்தே பார்க்காத குணங்கள் பாத்திரத்துக்கு வந்திருக்கும். அவற்றையும் அதில் எழுதிச் சேர்க்க வேண்டும்.